சும்மா தருபவனுக்கு ஏன் சட்டம்?

கடந்த வாரம் தரம் பத்து ஊடகக் கற்கை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஸேர், டீவி பார்க்க நாம காசு குடுக்கிறல்லதானே. சும்மா தாறவனுக்கு ஏன் சட்டம்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். பதில் சொல்ல வாய் திறக்கும்போது மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இதுவல்ல என்பது விளங்கியது. நம்மில் படித்தவர்கள் பலரும் அதே கருத்தில்தான் இருக்கிறார்கள். "அமெரிக்காவைப் பாருங்கள், எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டார்கள், தொலைக்காட்சி தானாக வளர்ந்தது" என்று ஆசிரியர் அறையிலும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆகவே அந்த மாணவனுக்கான பதிலை அமெரிக்காவிலிருந்தே சொல்வோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், வானம் யாருடையது?

வானொலி வந்த புதிதில் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம் என்ற நிலை ஏற்பட்டது. எந்த அலைவரிசையில் எவர் இருக்க வேண்டும் எனக் கட்டளையிட வர்த்தகச் செயலாளருக்கு அதிகாரமில்லை என 1926 இல் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஒலிபரப்பினார்கள். கேட்பவனுக்குக் கிடைத்தது இரைச்சல். கடைசியில் ஒலிபரப்பாளர்களே வந்து சட்டம் கேட்டார்கள். 1927 இல் வானொலிச் சட்டமும் 1934 இல் தொடர்பாடல் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டத்தின் கீழ் பிறந்ததுதான் எஃப்.சி.சி. எனப்படும் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு.

அந்தச் சட்டத்தின் அடிப்படை மிக எளிமையானது. அலைவரிசை எவருக்கும் சொந்தச் சொத்து அல்ல. அதனைப் பயன்படுத்த அனுமதிப்பத்திரம் மட்டுமே தரப்படும். அதுவும் கூடியது மூன்று வருடங்களுக்கு. பொதுமக்களின் நலன், வசதி, தேவை ஆகியவற்றுக்கு உதவுவதாக இருந்தால்தான் புதுப்பிக்கப்படும். நமது பேச்சுவழக்கில் சொன்னால் அது ஓர் அமானிதம். அதே சட்டம், நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை ஆணைக்குழுவுக்கு மறுத்தும் இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம், அந்த அனுமதிப்பத்திரத்துக்கு விலை வைக்கப்படவில்லை என்பதுதான். பொதுமக்களின் வானம் நிலையங்களுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. ஆகவே தம்பி, சும்மா கொடுத்தவர்கள் முதலில் மக்கள்தான். வாங்கியவர் நிலையக்காரர்.

சட்டம் நன்றாக வேலை செய்த ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீதியாக இராது. 1939 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஆர்.சி.ஏ. கம்பனி தொலைக்காட்சியைக் காட்சிப்படுத்தியது. அடுத்த வருடமே பெட்டிகளை விற்றுத் தள்ள முனைந்தது. ஆனால் படத்தை எத்தனை வரிகளாகப் பிரித்து அனுப்புவது என்பதில் கம்பனிகளுக்குள் உடன்பாடு இல்லை. இன்று வாங்கும் பெட்டி நாளை வேறொரு தரம் வந்தால் வெறும் பலகைப் பெட்டிதான். எனவே ஆணைக்குழு "நில்" என்றது. ஆர்.சி.ஏ. கம்பனி கடும் கோபம் கொண்டது. ஆனாலும் எல்லாக் கம்பனிகளின் பொறியியலாளர்களும் ஒன்றாக அமர்ந்து 525 வரித் தரத்தை வகுத்தார்கள். 1941 ஜூலை 1 ஆம் திகதி வர்த்தகத் தொலைக்காட்சி ஆரம்பமானது. அன்றே நியூயோர்க்கில் ஒரு பேஸ்போல் ஆட்டத்துக்கு முன் புலோவா கைக்கடிகாரத்தின் விளம்பரம் போனது. அதற்கு 9 டொலர் செலவானதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த 525 வரித் தரம், இடையில் வர்ணமும் சேர்ந்து, 2009 வரை அங்கே நிலைத்தது. சற்றுப் பொறுக்கச் சொன்ன ஒரு சட்டத்தால் கோடிக்கணக்கான குடும்பங்களின் காசு தப்பியது.

இனி மறுபக்கம்.

யுத்தம் முடிந்ததும் நிலையங்கள் பெருகின. ஒரே அலைவரிசையில் இருந்த நிலையங்கள் நெருக்கமாக அமைந்ததால் ஒன்றின் படத்தில் மற்றது புகுந்தது. 1948 செப்டெம்பர் 30 ஆம் திகதி ஆணைக்குழு புதிய அனுமதிகள் அனைத்தையும் நிறுத்தி வைத்தது. ஆறு மாதத்தில் முடியும் என்றார்கள். 1952 ஏப்ரல் வரை, மூன்றரை வருடங்கள் இழுபட்டது.

அந்த மூன்றரை வருடங்களில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த 108 நிலையங்கள் மட்டும் களத்தில் இருந்தன. நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் ஏழு ஏழு நிலையங்கள். பிட்ஸ்பர்க் போன்ற பெருநகரில் ஒன்றே ஒன்று. டென்வரிலும் போர்ட்லண்டிலும் ஒன்றுமே இல்லை. ஊருக்கு ஒரு கடைதான் என்றால் அந்தக் கடைக்காரர் யாருடைய சரக்கை வைப்பார்? வானொலிக் காலத்திலிருந்தே பழகிய, பெயர் பெற்ற என்.பி.சி., சி.பி.எஸ். ஆகிய இரண்டின் சரக்கைத்தான். ஏ.பி.சி.யும் டூமொண்டும் வாசலில் நின்றன.

தடை நீங்கியபோது ஆணைக்குழு புதிய யூ.எச்.எஃப். அலைவரிசைகள் 70 ஐத் திறந்தது. காகிதத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் மக்கள் வீடுகளில் இருந்த பெட்டிகள் 2 முதல் 13 வரையான வி.எச்.எஃப். அலைவரிசைகளை மட்டுமே பிடிக்கும். யூ.எச்.எஃப். பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கருவி வாங்கிப் பூட்ட வேண்டும். படமும் அவ்வளவு தெளிவில்லை. பார்ப்பவர் இல்லாத இடத்துக்கு விளம்பரமும் வராது. ஆகவே யூ.எச்.எஃப். நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எல்லாப் பெட்டிகளும் எல்லா அலைவரிசைகளையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் 1962 இல்தான் வந்தது. பத்து வருடம் பிந்திய மருந்து. நோயாளிகள் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் பெரியவர் டூமொண்ட். அலன் டூமொண்ட் என்ற பொறியியலாளர் கட்டியெழுப்பிய வலையமைப்பு அது. வானொலிப் பின்புலம் இல்லை. பணமும் குறைவு. ஒருவர் ஐந்து நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது அன்றைய விதி. டூமொண்டிடம் சொந்தமாக இருந்தவை மூன்று. ஆனால் அதில் பங்கு வைத்திருந்த பரமவுண்ட் கம்பனியிடம் வேறு இரண்டு நிலையங்கள் இருந்தன. அவற்றையும் டூமொண்டின் கணக்கில் சேர்த்தது ஆணைக்குழு. அந்த இரண்டு நிலையங்களின் வருமானத்தில் ஒரு சதமும் டூமொண்டுக்கு வரவில்லை. எண்ணிக்கை மட்டும் அதன் தலையில். 1956 இல் அந்த வலையமைப்பு முற்றாக நின்றுபோனது.

இப்போது சொல்லுங்கள். "சந்தை தானாகத் தேர்ந்தெடுத்தது" என்பது உண்மையா? மூன்று வலையமைப்புகள் ஒரு தலைமுறைக் காலம் அமெரிக்க வீடுகளை ஆண்டதற்குக் காரணம் மக்கள் ரசனை மட்டுமல்ல. யாருக்கு எந்த அலைவரிசை, எத்தனை நாள் தடை, எந்தப் பெட்டி எதைப் பிடிக்கும் என்ற தீர்மானங்களே அந்தச் சந்தையை உருவாக்கின. சட்டம் இல்லாத சந்தை அங்கே ஒரு நாளும் இருந்ததில்லை. சட்டம் யாருக்குச் சாதகமாக வளைந்தது என்பதே கேள்வி.

ஆசிரியர்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒருவர் இங்கே வருகிறார். ஃப்ரீடா ஹென்னொக். 1948 இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த, அந்த ஆணைக்குழுவின் முதல் பெண் உறுப்பினர். பொறியியலாளர் அல்லர், சட்டத்தரணி. ஆண்கள் எல்லோரும் அலை இடைஞ்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கல்விக்கு எத்தனை அலைவரிசை என்று கேட்டவர் அவர். இப்போது ஒதுக்காவிட்டால் பிறகு ஒருபோதும் கிடைக்காது என்று விடாமல் வாதாடினார். 1952 இல் 242 அலைவரிசைகள் கல்விக்கென ஒதுக்கப்பட்டன. 1953 இல் ஹூஸ்டனில் பல்கலைக்கழகத்துடன் இணைந்த முதலாவது கல்வி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது.

ஆனால் அங்கும் ஒரு குறை. அந்த 242 இல் பெரும்பாலானவை யாரும் பார்க்காத யூ.எச்.எஃப். அலைவரிசைகள். காணியைக் கொடுத்தார்கள், வீடு கட்டக் காசு கொடுக்கவில்லை. மத்திய அரசு பொது ஒளிபரப்புக்கு ஒழுங்கான நிதி ஏற்பாடு செய்தது 1967 இல்தான். கல்விக்கு "இடம் ஒதுக்கியுள்ளோம்" என்று எவர் சொன்னாலும், அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று நாம் இரண்டாவது கேள்வியைக் கேட்பது இதனால்தான்.

சரி, நிகழ்ச்சிகளுக்குக் காசு கொடுத்தது யார்? அனுசரணையாளர். அன்றைய நிலை இன்றையதைவிட வெளிப்படையானது. நிகழ்ச்சியின் பெயரிலேயே கம்பனியின் பெயர் இருக்கும். எண்ணெய்க் கம்பனியின் பெயரில் நகைச்சுவை, சீஸ் கம்பனியின் பெயரில் நாடகம். என்.பி.சி.யின் இரவுச் செய்திக்கே கெமல் சிகரட்டின் பெயர்தான். அந்தச் செய்தியில் 'புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகை தெரியக்கூடாது என்றும், சுருட்டோடு எவரையும் காட்டக்கூடாது, சேர்ச்சிலுக்கு மட்டும் விதிவிலக்கு என்றும் நிபந்தனை இருந்ததாகப் பதிவாகியுள்ளது. செய்தியைப் பார்த்தவர் அது செய்தி என்றே நினைத்தார். காசு கொடுத்தவருக்கு அது ஒரு நீண்ட விளம்பரம்.

இதன் உச்சம் வினாவிடைப் போட்டிகளில் வந்தது. 1956 இல் என்.பி.சி.யில் ட்வென்டி வன் என்ற போட்டி ஆரம்பமானது. முதல் நிகழ்ச்சி நேர்மையாகவே நடந்தது எனத் தயாரிப்பாளர் பின்னர் கூறினார். போட்டியாளர்கள் விடை தெரியாமல் விழித்தார்கள். அனுசரணையாளருக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. எங்கே நெற்றியைத் துடைப்பது, எங்கே தயங்குவது என்பதும் ஒத்திகை பார்க்கப்பட்டது. ஹேர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் வென்றுகொண்டே வந்தார். பார்வையாளர் சலித்ததும், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு திரைப்படத்தின் பெயரைப் பிழையாகச் சொல்லித் தோற்குமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. தோற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் சார்ள்ஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளர். 129,000 டொலர் வென்றார். நாடே அவரைக் கொண்டாடியது. படிப்பு மதிக்கப்படுகிறது என்று பெற்றோர் மகிழ்ந்தார்கள்.

1959 நவம்பரில் காங்கிரஸ் குழுவின் முன் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். விரிவுரையாளர் பதவியையும் இழந்தார். அதற்கு முன் நியூயோர்க்கில் சாட்சியமளித்த சுமார் 150 பேரில் மூன்றில் இரு பங்கினர் பொய் சொன்னதாக அரச வழக்கறிஞர் மதிப்பிட்டார். நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. போட்டியில் விடையைக் கொடுப்பது அப்போது குற்றமே அல்ல. அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காகத்தான் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். மோசடியைக் குற்றமாக்கிய திருத்தம் 1960 இல் வந்தது.

ஒரு பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் வெளியானால் நாம் என்ன பாடுபடுகிறோம்! ஒரு நாடு முழுவதும் பார்த்த பரீட்சையில் விடைத்தாளே கையில் கொடுக்கப்பட்டிருந்தது. பார்த்த பிள்ளைகளுக்கு அது கற்பித்த பாடம் என்ன?

"ஆணைக்குழு எங்கே போயிருந்தது?" என்று கேட்பீர்கள். 1958 இல் ரிச்சர்ட் மாக் என்ற உறுப்பினர், மயாமி நகர அலைவரிசை ஒன்றைப் பெற்ற தரப்போடு கொண்டிருந்த பணத் தொடர்பு அம்பலமாகிப் பதவி விலகினார். 1960 இல் தலைவர் ஜோன் டோர்ஃபர், நிலையங்கள் பல வைத்திருந்த முதலாளி ஒருவரின் உல்லாசப் படகில் சென்றது வெளிவந்து பதவி விலகினார். இன்னொரு விடயமும் உண்டு. ஒஸ்டின் நகரில் 1952 இல் ஆரம்பமான ஒரே வி.எச்.எஃப். நிலையம், அன்றைய செனட்டர் லிண்டன் ஜோன்சனின் மனைவியுடைய கம்பனிக்குச் சொந்தமானது. பல வருடங்களுக்கு அந்த நகரில் போட்டி நிலையமே இல்லை. மூன்று வலையமைப்புகளின் நிகழ்ச்சிகளும் அங்கேதான் போயின. சட்டம் மீறப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. காவல்காரரும் வீட்டுக்காரரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள் என்றே சொல்கிறோம்.

1961 மே மாதம், ஜனாதிபதி கென்னடி நியமித்த புதிய தலைவர் நியூட்டன் மினோ, 35 வயது இளைஞர், ஒளிபரப்பாளர்களின் மாநாட்டுக்கே போய், அவர்களுடைய தொலைக்காட்சி ஒரு பரந்த தரிசு நிலம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பேச்சு உலகப் புகழ் பெற்றது. பிறகு ஒரு நகைச்சுவைத் தொடரில் உடைந்துபோகும் படகுக்கு அவருடைய பெயரைக் கேலியாக வைத்தார்கள். நல்ல பேச்சு மட்டும் போதாது என்பதற்கு அந்தப் படகே சாட்சி.

அப்படியானால் எது போதும்? நமது பதிலின் மையம் இதுதான்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம் இருந்தது. அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் கறுப்பின மக்கள். திரையில் அவர்கள் இல்லை. அவர்களது உரிமைக்காகப் பேசிய சட்டத்தரணி தேர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சியில் தோன்றியபோது, கேபிள் கோளாறு என்று ஒரு பலகை காட்டப்பட்டது. இனப்பாகுபாட்டுக்கு ஆதரவான குரல்களுக்கு மட்டும் ஒரு கோளாறும் வரவில்லை.

1964 இல் ஒரு திருச்சபையின் தொடர்பாடல் அலுவலகமும் உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்கள் இருவரும் சேர்ந்தார்கள். கூச்சல் போடவில்லை. தொண்டர்கள் ஒரு வாரம் முழுவதும் அந்த நிலையத்தைப் பார்த்து, எது போனது, எது போகவில்லை என்று குறிப்பெடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு, அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக்கூடாது என மனுச் செய்தார்கள். ஆணைக்குழு என்ன சொன்னது தெரியுமா? மனுச் செய்ய உங்களுக்கு உரித்தில்லை என்றது. பணநட்டம் அடைந்த போட்டி வியாபாரி வரலாம், அலை இடைஞ்சலுக்கு உள்ளான இன்னொரு நிலையம் வரலாம், பார்க்கும் மனிதன் வர முடியாது!

1966 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. பார்ப்பவர்களுக்கும் உரித்துண்டு என்றது. ஆணைக்குழு மறுபடியும் அதே நிலையத்துக்கு அனுமதியைப் புதுப்பித்தது. 1969 இல் நீதிமன்றம் அந்தப் புதுப்பித்தலையே இரத்துச் செய்தது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர், பின்னர் அந்நாட்டின் பிரதம நீதியரசரான வொரன் பேர்கர்.

1934 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பொதுமக்களின் நலன்' என்ற சொல் இருந்தது. அந்தப் பொதுமக்களில் ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வர 32 வருடங்கள் எடுத்தன.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம்.

தம்பி, டீவி சும்மா வருவதில்லை. அது மக்களின் வானத்தில் வருகிறது. அந்த வானத்தை எடுத்துக் கொண்டவர் உனது நேரத்தையும் கவனத்தையும் அனுசரணையாளருக்கு விற்கிறார். பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நீ அங்கே வாடிக்கையாளன் அல்ல. ஆகவே சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் என்று சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிடாது. கவனமாக ஆராயாத சட்டம் டூமொண்டைக் கொன்றது. காசில்லாத சட்டம் கல்வி நிலையங்களைப் பட்டினி போட்டது. நண்பர்களின் கையிலிருந்த சட்டம் படகில் உல்லாசம் போனது. மக்களுக்கு வாசல் திறந்தபோதுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது.

சட்டத்தின் பெயரால் அரசு வாயடைத்துவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தணிக்கை அதிகாரம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஜக்சனில் மக்கள் கேட்டதும் ஒரு குரலை அடக்குமாறு அல்ல. அடக்கி வைத்த குரலைத் திறக்குமாறுதான்.

இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரமும் அல்ல. 1951 செப்டெம்பர் 4 ஆம் திகதி அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முதன்முதலாக நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு போனது. காட்டப்பட்டது சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஜப்பானிய சமாதான மாநாட்டின் ஆரம்பத்தில் ஜனாதிபதி ட்ரூமன் ஆற்றிய உரை. அதே மாநாட்டில் இரண்டு நாள் கழித்து இலங்கையின் சார்பில் பேசியவர் அப்போதைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. அவர் ஜனாதிபதியாக இருந்த 1979 இல்தான் நமது நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. தனியாராக ஆரம்பித்த ஐ.டி.என். நிலையத்தை அதே வருடத்தில் அரசு பொறுப்பேற்றது. அங்கே வியாபாரி கையில், இங்கே அரசு கையில். இரண்டு இடத்திலும் பார்ப்பவனிடம் யாரும் கேட்கவில்லை.

இன்று நமது பிள்ளைகளின் கையில் இருப்பது தொலைபேசி. அதுவும் 'சும்மா'தான் வருகிறது. கேள்விகள் மாறவில்லை. காசு கொடுப்பது யார்? விதி எழுதுவது யார்? நமக்குக் கதவு உண்டா?

அடுத்த பாடவேளையில் வகுப்புக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். ஜக்சன் மக்கள் செய்ததையே. ஒரு வாரம், ஒரு அலைவரிசை, ஒரு அப்பியாசக் கொப்பி. என்ன போகிறது, யார் வருகிறார்கள், யார் வரவே இல்லை, யாருடைய விளம்பரம் என்று எழுதட்டும். பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் நல்லது. கொப்பிகள் வந்ததும் அவற்றில் இருப்பதை இங்கே பகிர்கிறோம்.

கேள்வி கேட்ட மாணவனுக்கு நன்றி. பின்வரிசையில் இருந்து வந்த கேள்வி அது.